ஒற்றைத் தாள்

செயின்ட் லூயிஸ்
9 ஜனவரி 2022

அன்புத் தங்கை லட்ரீஸுக்கு,

நீ, டேரல், கெசியா மூவரும் சுகம்தானே? ஆண்டவர் கிருபையில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் மட்டும் இந்தக் குளிரில் முரண்டு பிடிக்கிறது.

அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நாம் போனில் பேசிய மூன்று தடவையும் சண்டையில்தான் முடிந்தது. கடைசித் தடவை, "நீ என்னைப் பேசவே விடமாட்டேங்கிற. சொல்லணும்னா எழுது. காகிதத்துல நீ குறுக்க பேச முடியாதுல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாய். இரண்டு வாரம் கோபமாக இருந்தேன். பிறகு, நீ சொன்னது சரிதான் என்று பட்டது. அதனால் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு டாக்டர் ஃபென்விக்கின் குழந்தைகள் அலர்ஜி கிளினிக்கில் சேர்ந்து இந்த மாதத்தோடு மூன்று வருடமாகிறது. தலைமை நர்ஸ் என்று எழுதிய பட்டை சட்டையில் இருக்கிறது. பெரும்பாலும் காகிதம் எடுத்துக் கொடுக்கும் வேலைதான்.

கெசியாவுக்குப் பிப்ரவரியில் ஏழு வயது. அலர்ஜிக்குப் பயந்து, ஒரு வேர்க்கடலைகூட வாய்க்குப் போகாமல் உன் மகளை இத்தனை வருடம் காத்துவந்திருக்கிறாய். அதைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பிறகு நிதானமாக எழுதுகிறேன்.

உன் கணவன் டேரலை ஆற்றில், படகு வேலையில், பத்திரமாக இருக்கச் சொல்.

உன் அக்கா
வெர்னிடா


க்ரீன்வில், மிசிசிப்பி
2 பிப்ரவரி 2022

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. மாத்திரையை மறந்துவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பாதே.

டேரல் படகுக்குப் போயிருக்கிறான். வழக்கம்போல இருபத்தெட்டு நாள் தண்ணீரில், இருபத்தெட்டு நாள் வீட்டில். நான் பள்ளிச் சமையலறையிலேயே இருக்கிறேன். வங்கி வேலையை விட்டது பைத்தியக்காரத்தனம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் மதியம் கெசியா பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள், அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பரிமாறும் இடத்திலிருந்தே பார்க்க முடிகிறதே. வங்கியிலிருந்து அதைப் பார்க்க முடியாது.

ஜன்னலோரம் அவளுக்குத் தனி மேசை போட்டிருக்கிறார்கள். முதலில் அழுதாள். இப்போது அதற்கு ‘என் ஆபீஸ்’ என்று பெயர் வைத்துவிட்டாள். போன வாரம் ஒரு பையன் எட்டிப் பார்த்தானாம். "இன்னிக்கு யாரையும் பாக்க முடியாது, மீட்டிங் இருக்கு" என்றாளாம். சமையலறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். மறுபடியும் அதே ஒற்றைத் தாள். வேர்க்கடலையைத் தவிர்க்கவும். அவசரத்துக்குப் போடும் ஊசிமருந்தைக் கையோடு வைத்திருக்கவும். வருடம் ஒருமுறை வரவும். வேத வசனம்போல எனக்கு மனப்பாடம். உங்கள் டாக்டரும் இதையேதான் சொல்கிறாரா?

என்னவோ சொல்ல வேண்டும் என்றாயே, சொல்.

லட்ரீஸ்


செயின்ட் லூயிஸ்
20 பிப்ரவரி 2022

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு மனம் நிறைந்தது. கெசியாவின் ஆபீஸ் செய்தியை இங்கே எல்லோருக்கும் சொன்னேன். பிறந்தநாளுக்கு என்ன அனுப்பட்டும் என்று அந்த அதிகாரியையே கேட்டு எழுது.

இங்கே முழங்கால் அளவுப் பனி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பதினெட்டுப் பேர்தான் வந்தோம். பாஸ்டர் முழுப் பிரசங்கத்தையும் குறைக்காமல் செய்தார்.

ஊசிமருந்தின் தேதியைப் பார்த்துக்கொள். காரில் விட்டுவிடாதே, வெயிலிலும் கெடும், குளிரிலும் கெடும். ஒன்று போதாது, எப்போதும் இரண்டாக வைத்திரு. புதிதாகச் சில வழிகள் வந்திருக்கின்றன. ஆனால் அவை எல்லோருக்கும் பொருந்தாது. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

மூவரையும் ஆண்டவர் காக்கட்டும்.

வெர்னிடா


க்ரீன்வில்
24 மார்ச் 2022

அக்கா,

இங்கே எல்லோரும் நலம். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கெசியாவுக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லாமல் போனது. இப்போது ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். புதிய வழிகள் எல்லோருக்கும் பொருந்தாது என்று எழுதியிருக்கிறாய்.

யாருக்குப் பொருந்தாது?

லட்ரீஸ்


செயின்ட் லூயிஸ்
10 ஏப்ரல் 2022

அன்புள்ள லட்ரீஸ்,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கெசியாவின் வயிறு எப்படி இருக்கிறது?

நீ கேட்ட அந்த ஒரு வரியோடுதான் இத்தனை நாளாக வேலைக்குப் போய்வருகிறேன். இன்று உட்கார்ந்து முழுவதையும் எழுதிவிடுகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை படி.

முதலில் சிகிச்சை. வேர்க்கடலை மாவை, கடுகளவுக்கும் கீழே, டாக்டர் கண்ணெதிரே புட்டிங் என்ற இனிப்புக் கூழில் கலந்து குழந்தைக்குக் கொடுப்பார்கள். பிறகு தினமும் அதே அளவு வீட்டில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வந்தால் அளவைக் கொஞ்சம் கூட்டுவார்கள். ஆறேழு மாதத்தில் உடம்பு பழகிக்கொள்ளும். அலர்ஜி போய்விடாது. வேர்க்கடலை வெண்ணெயைத் தடவிச் சாப்பிடலாம் என்றில்லை. தெரியாமல் ஒரு கடி உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து வராமல் தடுப்பதற்குத்தான். சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் நடுவில் நிறுத்தியிருக்கிறோம். சிலருக்கு ஊசி போட வேண்டி வந்திருக்கிறது. தினமும் மருந்து கொடுத்த பிறகு இரண்டு மணி நேரம் பெரியவர் ஒருவர் கண்ணிமைக்காமல் கூட இருக்க வேண்டும். ஓட்டம் கூடாது, வெந்நீர்க் குளியல் கூடாது. அவ்வளவுதான்.

இனி என் மேசை. அதில் இரண்டு இழுப்பறைகள். மேலே நீல உறை. அதற்குள் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பதினான்கு பக்கம். கீழே, நீ மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாயே, கிட்டத்தட்ட அதே ஒற்றைத் தாள். யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. டாக்டர் ஃபென்விக் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். சேர்ந்த முதல் வாரம் அவர் சொன்னார்: "கேக்கறவங்களுக்கு உறையைக் குடுங்க. ரொம்பச் சிரமப்படறோம்னு எழுதறவங்களுக்கும் குடுங்க. சமாளிச்சிட்டு இருக்கறவங்களை நாம ஏன் போய்க் கலைக்கணும்?" எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

கேட்கிறவர்கள் யார் தெரியுமா? வெள்ளைக்காரத் தாய்மார்கள். அவர்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இந்தச் சிகிச்சையை முடித்திருப்பார்கள். சிகிச்சையின் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் கதவைத் திறப்பார்கள். நம் கறுப்பினத் தாய்மார்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. தெரியாததை எப்படிக் கேட்பது?

வருகிற எல்லோரும் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. ‘இந்த அலர்ஜியால் வீட்டில் எவ்வளவு சிரமம்?’ வெள்ளைக்காரத் தாய்மார்கள் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதுவார்கள். சிலர் எழுதும்போதே அழுவார்கள். நம் தாய்மார்கள், மெக்சிகோக்காரத் தாய்மார்கள், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே சொல்லை எழுதுவார்கள்: சமாளிக்கிறோம்.

அம்மா நம் இருவருக்கும் தலை பின்னிக்கொண்டே சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? "டாக்டர் நம்ம வீட்டு நெலவரம் கேட்டா, எல்லாம் சரியா இருக்குங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது." பக்கத்து வீட்டு டாலிவர் அக்கா, தன்னால் முடியவில்லை என்று டாக்டரிடம் ஒருமுறை சொன்னதற்கு, பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவள் என்று அரசாங்கக் கார் வந்து அவளுடைய இரண்டு பையன்களையும் கூட்டிப்போனது. ‘சமாளிக்கிறோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று டாக்டருக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்துகொண்டே ஒவ்வொரு தடவையும் கீழ் இழுப்பறையைத் திறந்தேன்.

இப்போது நீ. 2019 நவம்பரில், நன்றியறிதல் நாள் விருந்தன்று, அம்மா வீட்டில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்: "அக்கா, கெசியாவுக்குப் புதுசா ஏதாச்சும் வந்திருக்கா?" அப்போது எனக்கு இதெல்லாம் தெரிந்து பத்து மாதம் ஆகியிருந்தது. டேரல் பாதி வருடம் தண்ணீரில். கிளினிக்குக்கு மெம்பிஸ் வரை போக வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் யார் உட்காருவது? உனக்கு அங்கே யாருமில்லை, உன்னால் முடியாது என்று, நீ கையிலிருந்த தட்டைத் துடைத்து முடிப்பதற்குள் நானே தீர்மானித்துவிட்டேன். "கவனமா இருந்தா போதும்" என்றேன்.

யாருக்குப் பொருந்தாது என்று கேட்டாய். அதைத் தீர்மானித்தது நான்தான்.

பதில் எழுது.

வெர்னிடா


செயின்ட் லூயிஸ்
8 மே 2022

அன்புள்ள லட்ரீஸ்,

நலம்தானா? ஒரு வார்த்தையும் இல்லை.

இன்று அன்னையர் தினம். அம்மா இல்லாத முதல் அன்னையர் தினம். தாயை இழந்தவர்கள் குத்தும் வெள்ளைப் பூவைக் குத்திக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். நேற்று, நம் ஒப்பந்தத்தை மீறி, போன் செய்தேன். டேரல் எடுத்தான். எல்லோரும் நலம் என்றான். அவன் குரல் சரியாக இல்லை. கெசியாவைக் கேட்டால் தூங்குகிறாள் என்றான். பிற்பகல் மூன்று மணி அப்போது.

திட்டியாவது எழுது.

வெர்னிடா


க்ரீன்வில்
11 ஜூன் 2022

அக்கா,

நாங்கள் நலமாக இல்லை.

கெசியாவுக்கு வயிறு சரியில்லாமல் போனதாக எழுதினேன். அது பொய். மார்ச் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

நான் பாடகர் குழுவில் நின்றிருந்தேன். கெசியா முன்வரிசையில், வெள்ளை உடுத்திய சர்ச்சின் மூத்த அம்மாமார்களுக்குப் பக்கத்தில். பிரசங்கம் நீண்டால் பிள்ளைகள் நெளியாமலிருக்க அவர்கள் கைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுப்பது உனக்குத் தெரியும். நாமும் அந்த மிட்டாய்களைத் தின்று வளர்ந்தவர்கள்தான். அவர்களில் ஒருவரான சிஸ்டர் ஓஸெல்லா ஒன்று கொடுத்தார். அதன் உள்ளே வேர்க்கடலை வெண்ணெய் இருந்திருக்கிறது. என்னைக் கேட்காமல் எதையும் தின்னக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பெரியவர்கள் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாளாம். நான் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தேன். "தேங்க்யூ மேம்" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று கையை உதறினாள். மூச்சு வாங்கியது. தரையில் விழுந்தாள். நம் சர்ச்சில் அப்படி விழுந்தால் என்ன நினைப்பார்கள்? இந்தச் சின்ன வயசிலேயே பரிசுத்த ஆவி தொட்டுவிட்டது என்று நினைத்தார்கள். வருகிறவர்களை உட்காரவைக்கும் அஷர்கள் இருவர் வந்து அவளைச் சுற்றி நின்று விசிறினார்கள். யாரோ அல்லேலூயா சொன்னார்கள். ஆர்கன்காரர் வேகத்தைக் கூட்டினார். நானும், அக்கா, அரை நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். மேலே நின்றுகொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பிறகுதான் வீங்கிப்போயிருந்த அவள் உதட்டைப் பார்த்தேன்.

இரண்டு ஊசி போட்டேன். மூன்றாவது ஆம்புலன்ஸில். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக வந்தாள். அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கணவர் எங்கே என்று வரிசையாகக் கேட்டாள். என் வாயிலிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது: "எல்லாம் சரியா இருக்குங்க." அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். உனக்கும் அதையேதான் எழுதினேன்.

இப்போது கெசியா பள்ளியில் வாயே திறப்பதில்லை. சாப்பாட்டைப் பார்த்தால் பயம். பகலில் சுருண்டு தூங்குகிறாள். ஆபீஸ் விளையாட்டெல்லாம் நின்றுவிட்டது. சிஸ்டர் ஓஸெல்லா சர்ச்சுக்கு வருவதில்லை.

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை. தினம் இரண்டு மணி நேரம் என்னால் முடியாது என்று நினைத்தாயே, நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறாய்? பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கையை முகர்ந்து பார்க்கிறேன். அவளோடு விளையாட வரும் பிள்ளைகளின் வாயை முகர்ந்து பார்க்கிறேன். பிறந்தநாள் விருந்துக்குப் போனால் குப்பைத்தொட்டியில் கிடக்கும் தின்பண்ட உறைகளை எடுத்துப் படிக்கிறேன். ஏழு வருடமாக விழித்திருக்கும் நேரமெல்லாம் இதுதான் வேலை. இரண்டு மணி நேரம் எனக்கு ஓய்வு மாதிரி.

வெள்ளைக்கார டாக்டர் என்னைப் பார்த்து இவளால் முடியாது என்று நினைத்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. நீ அவர்களின் கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்திருக்கிறாய்.

வேறு எழுத வரவில்லை.

லட்ரீஸ்


செயின்ட் லூயிஸ்
3 ஜூலை 2022

லட்ரீஸ்,

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ கொடுக்க வேண்டிவரும், அந்தப் பாரம் உனக்கு எதற்கு? செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

மெம்பிஸில் இந்தச் சிகிச்சை கொடுக்கும் கிளினிக்கின் எண் பின்பக்கம் இருக்கிறது. உங்கள் காப்பீட்டை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதிக்கு உன் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். வேண்டாமென்றால் ரத்து செய்துவிடு. இந்த முறை உன்னைக் கேட்காமல் உனக்காகத் தீர்மானிக்க மாட்டேன். போனால் மார்ச் ஆறாம் தேதியை எனக்கு எழுதியதுபோல அவர்களிடமும் சொல். ‘சமாளிக்கிறோம்’ என்று மட்டும் சொல்லிவிடாதே.

டாக்டர் ஃபென்விக்கிடம் பேசினேன். "நான் யாரையும் பாகுபாடு பாக்கலையே வெர்னிடா" என்றார். அவர் பார்க்கவில்லை, படிவம் பார்த்தது, நான் பார்த்தேன் என்றேன். இப்போது இழுப்பறை ஒன்றுதான். வருகிற எல்லோருக்கும் நீல உறை.

பழைய பெயர்களை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுகிறேன். நூற்றுப் பதினேழு வீடுகள். நாற்பது முடித்திருக்கிறேன். மிஸஸ் ப்ரூயிட் என்று ஒரு தாய், நம்மவள்தான். அவள் பையனுக்கு இப்போது பதினொரு வயது. முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "அந்தத் தாளை அங்க இருந்த வேற யாராச்சும் குடுத்திருந்தா, இன்னொரு இடத்துல விசாரிச்சிருப்பேன். நீங்க குடுத்தீங்கன்னுதான் விசாரிக்கல."

உறையை அஞ்சலில் அனுப்பினேன்.

வெர்னிடா


க்ரீன்வில்
18 செப்டம்பர் 2022

அக்கா,

நாங்கள் சுமாராக இருக்கிறோம். கெசியா கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மெம்பிஸ் போனோம். ஞாயிற்றுக்கிழமை உடுப்பை எடுத்து மாட்டியவள் கழற்றிவிட்டு, சமையலறைச் சட்டையிலேயே போனேன். அங்கிருந்த பெண் டாக்டர், வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டதும் "எல்லாம்" என்று ஆரம்பித்தேன். மேலே போகவில்லை. கெசியா என் மடியிலிருந்து சொன்னாள்: "அம்மா என் கையை மோந்து மோந்து பாக்கும். நான் சோப்பு போட்டிருந்தாலும் மோந்து பாக்கும்." அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விசிறியதை, நான் நன்றி சொன்னதை. யாரும் கார் அனுப்பவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். இரத்தப் பரிசோதனை ஆயிற்று. கெசியாவுக்குச் சிகிச்சை கொடுக்கலாம் என்றார்கள்.

"அப்போ என் ஆபீஸை மூடிடுவாங்களா?" என்று காரில் கேட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை மறுபடியும் கேட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

முதல் மருந்து நவம்பர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஆரம்ப நாட்களில்தான் பயம் அதிகம், கூட இன்னொரு பெரியவர் இருந்தால் நல்லது என்றார்கள். டேரல் மூன்றாம் தேதி படகேறுகிறான். கேப்டனிடம் கேட்டுப் பார்த்தான், மாற்ற முடியாதாம்.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு அம்மா வீட்டில் நான் தட்டைத் துடைத்து முடிப்பதற்குள், எனக்கு யாரும் இல்லை என்று முடிவு செய்தாயே, நீ என் பக்கத்தில்தானே நின்றுகொண்டிருந்தாய்?

எழுது.

லட்ரீஸ்


செயின்ட் லூயிஸ்
2 அக்டோபர் 2022

அன்புள்ள லட்ரீஸ்,

நவம்பர் ஐந்தாம் தேதி சனிக்கிழமை மாலை பஸ்ஸில் க்ரீன்வில் வந்து சேருகிறேன். நான்கு வாரம் விடுப்புக் கேட்டேன். டாக்டர் இரண்டு வாரம்தான் தர முடியும் என்றார். டேரல் படகிலிருந்து இறங்கும்வரை இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். வேலை இருந்தால் இருக்கட்டும்.

தினமும் மாலையில் மருந்து கொடுத்த பிறகு நான் உட்காருகிறேன். அந்த இரண்டு மணி நேரமும் நீ வீட்டில் இருக்கக்கூடாது. கடைக்குப் போ, ஆற்றங்கரைக்குப் போ, எங்காவது போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வா.

நான் நன்றாக இல்லை. இந்த முதல் மருந்தைக் கொடுக்கும்போது நூறு பிள்ளைகளுக்கு மேல் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கை ஆடியதே இல்லை. நேற்று எல்லோரும் போன பிறகு அந்தச் சின்னக் கரண்டியை எடுத்து, கெசியாவின் வாயை நினைத்துக்கொண்டு, வெறும் புட்டிங்கை அள்ளிப் பார்த்தேன். மேசையெல்லாம் சிந்திவிட்டது. அங்கே வந்து நீ பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெர்னிடா